வெள்ளைச் சட்டைக்காரர்கள்

நீட்டிய டம்ளர் நீட்டியபடியே நின்றது. வாங்கிக்கொள்ள எதிரே ஒரு கை ஏன் வரவில்லை என்பதுதான் பஞ்சம்மாளுக்குப் புரியவில்லை. டீயின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய பாலில் போட்ட டீ. அவள் பின்வாசல் வழியாகப் போய்ச் செம்போடு திரும்பியதைச் சபரிநாதன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து டீ வேண்டாம் என்று கத்த அவனுக்கு வாய் வரவில்லை.

"டீ குடிக்கிறதில்லம்மா" என்றான்.

"அப்பக் காப்பி போடுதேன்."

"காப்பியும் குடிக்கிறதில்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அது விருந்தாளிக்கான சிரிப்பாக இல்லை. "எங்க வீட்டுல குடிக்க மாட்டீகளோ?" என்றாள்.

சபரிநாதனுக்கு முகம் சுட்டது. யார் வீட்டிலும் குடிப்பதில்லை, சபையில் அப்படி ஒரு கட்டளை, தங்கியிருக்கும் அறையில்கூட டீத்தூள் கிடையாது என்று விளக்கினான். பக்கத்தில் இருந்த கூட்டாளி கொண்டபல்லியும் தலையைத் தலையை ஆட்டினான். பஞ்சம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி தம்பி. எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தான் செய்றாக. ஒருத்தருக்கு வெரதம், ஒருத்தருக்கு வயித்துல புண்ணு. ஒங்களுக்குக் கட்டள."

அதற்கு மேல் எதையும் விளக்க முடியாது. விளக்க விளக்க அது சாதியாகத்தான் போய் முடியும். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "வாறதுன்னா ஞாயித்துக்கெளம வாங்க தம்பி. மத்த நாளு வேண்டாம், வேல கெடக்கும்" என்றாள். அன்றும் ஞாயிறுதான். சுவரில் அவள் மகன் மாரீஸ்வரனும் மருமகள் அழகுமீனாவும் மாலையோடு நிற்கும் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மகன் லோடு வண்டியில் வடக்கே போயிருந்தான். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தாய்வீடு போயிருந்தாள். படத்தில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்கமுடியாத முகம்.

சபரிநாதனுக்கு வயது இருபது. மார்மன் சபையின் ஊழியக்காரன். ஊழியம் முடிகிறவரை எல்டர், அதாவது மூப்பர் என்று பட்டம். மீசை சரியாக முளைக்காதவனை மூப்பர் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? தாயும் தகப்பனும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிழைக்கப் போனவர்கள். தகப்பன் தனுஷ்கோடி, பிள்ளை வரம் கேட்டு மாலை போட்டு மலையேறி, பிறந்தவனுக்குச் சபரிநாதன் என்று பெயர் வைத்தார். அந்தச் சபரிநாதன் போய் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சபையின் வழக்கமோ வேறு மாதிரி. நெஞ்சில் குத்துகிற கறுப்புப் பட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்கவேண்டும். தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது, தகப்பன் பெயரைப் போட்டு 'எல்டர் தனுஷ்கோடி' என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பேசாத தகப்பன் நாள் முழுக்க நெஞ்சிலேயே குந்தியிருந்தார். யாராவது "தனுஷ்கோடி தம்பி" என்று கூப்பிட்டால் சபரிநாதனுக்கு முதலில் பயம்தான் வரும்.

கொண்டபல்லி ராஜமுந்திரிப் பக்கத்துக்காரன். அவனுக்கு ஊழியக்காலம் முடியப்போகிறது. ஊழியக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போகவேண்டும், ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் அகலக்கூடாது என்பது விதி. அதனால் ஒருவன் பல் விளக்கினால் மற்றவன் கதவருகே நிற்பான். கொண்டபல்லி தமிழைப் புத்தகத்தில் படித்தவன். "நாங்கள் தங்களைச் சந்திக்க வந்திருக்கிறோம்" என்று அவன் வாசலில் நின்று சொன்னால் தாலுகா ஆபிஸ் நோட்டீஸை ஒருவர் உரக்கப் படிக்கிறாரோ என்று தோன்றும். நல்ல பையன். யாரையும் நோகப் பேசமாட்டான், பேசவும் தெரியாது.

வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புப் பேண்ட், டை, நெஞ்சில் பட்டை, தோளில் பை. இந்த வேஷத்தோடு சிவகாசியில் இருவர் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வந்த புதிதில் ஒரு தெருவில் இவர்கள் நுழைந்ததும் பெண்கள் எல்லாரும் கொல்லைப்பக்கமாக ஓடினார்கள். குழுக்கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்தார்களாம். காலண்டர் அச்சகத்து வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ஒரு பெரியவர் சர்க்கரைக்கு மாத்திரை சாம்பிள் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் திட்டினார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் உண்டு. இங்கே வெளுத்ததெல்லாம் ஆபிசர். திங்கட்கிழமை துணி துவைக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். அந்த நாட்களில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பஞ்சம்மாள் பழக்கமானது பஸ் ஸ்டாப்பில். கனமான சாக்குக்கட்டு ஒன்றைத் தலையில் ஏற்றமுடியாமல் நின்றவளுக்குச் சபரிநாதன் கை கொடுத்தான். சாக்குக்குள் காகிதக் குழாய்கள் என்று தொட்டபோதே தெரிந்தது. அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியைச் சோதனையில் சீல் வைத்துவிட்டார்கள், சீசன் நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார முடியுமா என்று அவளே சொன்னாள். வீட்டில் வைத்து வெடி செய்வது போலீஸ் கேஸ் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சபரிநாதனுக்கும் தெரியும். அவன் அதைக் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டான். ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற பாதையில் அவர்கள் காலனி. வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுங்கள், எந்தச் சாமியாக இருந்தால் என்ன, பிள்ளை வடக்கே லாரி ஓட்டுகிறான் என்றாள். அப்படிப் போனபோதுதான் அந்த டீ.

திரும்பி வருகிற மினிபஸ்ஸில் சபரிநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் அம்மா சாத்தூரில் தோட்ட வேலைக்குப் போன காலத்துக் கதைகளைச் சொல்லியிருக்கிறாள். உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த கதைகள். அந்த அம்மாவின் பிள்ளை இன்றைக்கு ஒருத்தி வீட்டில் டம்ளரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிறான். கட்டளை என்று ஆயிரம் சொன்னாலும் அவள் கண்ணில் பட்டது அதுதான்.

"அந்தம்மா வீட்டுல ஒரு வாய் சோறு சாப்பிட்டுட்டு வந்துரணும்" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை செல்லலாம்" என்றான் கொண்டபல்லி.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அந்தம்மா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கும்."

புதன்கிழமை மதியம் சந்திக்கவேண்டிய ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். வேறு வேலை இல்லை. பஞ்சம்மாளின் போன் அணைந்திருந்தது. சபரிநாதன் கடையில் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கினான். கொடை முடிந்து திரும்பியிருக்கும் பேத்திக்கு ஆகும், அதைச் சாக்காக வைத்து உட்கார்ந்து பழைய சோறு இருந்தாலும் கேட்டு வாங்கித் தின்றுவிடுவது என்பது அவன் திட்டம். ஞாயிறு மட்டும் வரச்சொன்னார்களே என்று கொண்டபல்லி ஒருமுறை சொன்னான். சபரிநாதன்தான் அவனை இழுத்துக்கொண்டு போனான். இதைச் சபரிநாதனே மறுக்கமாட்டான்.

காலனித் தெருவில் ஆள் அரவமில்லை. இவர்கள் உள்ளே நுழைய நுழைய ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. வெயில் நேரம், தூங்குகிறார்கள் என்று சபரிநாதன் எண்ணிக்கொண்டான். பஞ்சம்மாள் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொண்டபல்லி கதவைத் தட்டித் தன் தமிழில் உரக்கச் சொன்னான்.

"வீட்டில் யார் இருக்கிறீர்கள்? கதவைத் திறவுங்கள். தங்களைப் பார்க்க வந்திருக்கிறோம்."

உள்ளே ஏதோ அசைகிற சத்தம் மட்டும். சபரிநாதன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். அங்கே ஒரு தகர ஷெட். தகரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் கையகல இடைவெளி. அதன் வழியாகப் பார்த்தான்.

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை இரண்டு கையும் அலுமினியப் பொடி படிந்து வெள்ளி பூசியதுபோல் மினுங்கியது. நிமிர்ந்தாள். கல்யாணப் படத்தில் இருந்த முகம்தான், சிரிப்பு மட்டும் இல்லை. அவள் கண் அவன் முகத்துக்கு வரவேயில்லை. சட்டையில் நின்றது, டையில் நின்றது, கறுப்புப் பட்டையில் நின்றது. சபரிநாதன் சிரித்தான். ஊழியப் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான், யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு சிரிப்பு.

அவள் எழுந்துவிட்டாள். மூலையில் இருந்த மூட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். சிமெண்டுத் தரையில் சாக்கு உரசுகிற சத்தம், சரக் சரக்கென்று. ஆம்பளை இல்லாத வீடு, பெண் பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. தனியாக இருக்கும் பெண்ணோடு நின்று பேசக்கூடாது என்பதும் விதி. "ஞாயித்துக்கெழம வாறோம்னு சொல்லிருங்க" என்று தகரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினான். அது அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

தெருமுனை அடிகுழாயைத் தாண்டும்போது காலுக்கடியில் தரை அசைந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. திரும்பிப் பார்த்தால் தகரம் ஒன்று ஆகாயத்தில் புரண்டுகொண்டிருந்தது. பிறகு புகை. பூட்டியிருந்த கதவெல்லாம் திறந்தன, ஒளிந்திருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள், யார் பெயரையோ சொல்லிக் கத்தினார்கள். சபரிநாதன் புகையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். வைத்தது உண்மை. கொண்டபல்லி அவன் முழங்கையைப் பிடித்தான். பிடித்ததும் உண்மைதான், ஆனால் உதறமுடியாத பிடி இல்லை அது. ஷேர் ஆட்டோவில் ஏறி ரொம்பத் தூரம் வந்தபிறகுதான் சேவுப் பொட்டலம் இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தான்.

பிறகு தெரிந்ததெல்லாம் இஸ்திரிக் கடையில்தான் தெரிந்தது. சிவபாண்டி அவர்கள் தெருவில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். காலனியில் அவருக்கு உறவு உண்டு. சபரிநாதனின் வெள்ளைச் சட்டையைப் பலகையில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் புள்ள போயிருச்சு தம்பி. பெரியாஸ்பத்திரியில ஒரு ராத்திரி கெடந்துச்சாம். மாமியாக்காரி ரேசன் கடைக்குப் போயிருக்கா, பச்சப்புள்ள அவ இடுப்புல இருந்துச்சு, அது தப்பிச்சுச்சு. போலீஸ்காரன் மாமியா பேருலயே கேஸ எழுதிட்டான். சரக்கு குடுத்த ஏஜெண்டு எங்கனயோ ஓடிட்டான்."

"எப்படி வெடிச்சதாம்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று சபரிநாதனுக்குச் சந்தேகம்.

"ஆபிசருக ரெண்டு பேரு வந்துருக்கானுவ. வெள்ளையுஞ் சொள்ளையுமா. கதவத் தெறன்னு சத்தம் போட்டுருக்கான் ஒருத்தன். இன்னொருத்தன் பின்னால போயி எட்டிப் பாத்துச் சிரிச்சானாம். அந்தப் புள்ளயே சொல்லிருக்கு, பேச்சு இருக்கையில. பதறிப்போயி மருந்து மூட்டைய இழுத்துருக்கு. மருந்த இழுக்கலாமா தம்பி? ஒரசுனாலே பத்திக்கிருமே, தூக்கித்தான வைக்கணும்? அது தெரியாத புள்ளயா அது? பயம். பயம் வந்துட்டா என்ன தெரியும்?"

சட்டையின் கையை மடித்துத் தேய்த்தார். காலரைத் தேய்த்தார். "அதுல ஒருத்தன் சிரிச்சான் பாருங்க, அவன் நல்லாருப்பானா?" என்றார். பிறகு சட்டையை இரண்டு கையாலும் ஏந்திச் சபரிநாதனிடம் கொடுத்தார். சூடாக இருந்தது.

அறைக்குள் வந்ததும் கொண்டபல்லி முழங்காலிட்டு ஜெபம் செய்தான். ரொம்ப நேரம் செய்தான். எழுந்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது. அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது.

"நாம் தீ வைக்கவில்லை" என்றான்.

"நான் சிரிச்சேன்."

"வெடிமருந்தை வீட்டில் வைத்தது நாம் இல்லை. நாம் நல்ல எண்ணத்தோடு சென்றோம்."

"ஞாயித்துக்கெழம மட்டும் வான்னு அந்தம்மா சொல்லுச்சு. நான்தான் ஒன்னைய இழுத்துட்டுப் போனேன். போயிச் சொல்லிருவோம். வந்தது ஆபிசர் இல்ல, நாங்கதான்னு."

"சொன்னால் அந்தப் பெண் எழுந்து வருவாளா?" கொண்டபல்லி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அவர்கள் நம்மை அடிப்பார்கள். போலீஸ் வரும். மதம் மாற்ற வந்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று நாளிதழில் எழுதுவார்கள். இந்த ஊரில் நம்மை நம்பி வருகிற குடும்பங்கள் என்ன ஆகும்? நான் வீட்டுக்குப் போகவேண்டும், சபரி. என் அம்மா காத்திருக்கிறாள்."

அதுவரை அவன் எல்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். சபரிநாதனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரையாவது திட்டியிருக்கலாம்.

தனியாகப் போக விதி இல்லை. சொல்லிவிடுகிறேன் என்றால் கொண்டபல்லி வரமாட்டான். துட்டி, அதாவது துக்கம், கேட்டுவிட்டு மட்டும் வந்துவிடுவோம், வாயைத் திறக்கமாட்டேன் என்று சபரிநாதன் கெஞ்சினான். சத்தியம் கேட்டான் கொண்டபல்லி. சத்தியம் பண்ணக்கூடாது என்றுதானே வேதத்தில் இருக்கிறது என்று சபரிநாதன் சொன்னதற்கு, அப்படியானால் வாக்கு கொடு என்றான். கொடுத்தான். டையையும் பட்டையையும் கழற்றிவிட்டுப் போகலாம் என்றதற்கு மட்டும் அவன் இசையவில்லை. ஊழியத்துக்கு உரிய உடையில்தான் தெருவில் இறங்கவேண்டும். இருப்பதும் எல்லாம் வெள்ளைச் சட்டைதான்.

தெருவில் இந்த முறையும் கதவுகள் சாத்திக்கொண்டன. அன்றைக்கு அது மத்தியானத் தூக்கமாகத் தெரிந்தது. இன்றைக்கு ஒவ்வொரு தாழ்ப்பாளும் அவன் காதுக்குள் விழுந்தது. ஷெட் இருந்த இடத்தில் கருகிய தரை மட்டும் இருந்தது. பக்கத்து வேம்பின் ஒரு பாதி இலை பழுத்துத் தொங்கியது. வீட்டின் பின்சுவரில் பெரிய பொத்தல் விழுந்திருக்க, அதைத் தார்ப்பாயால் மறைத்திருந்தார்கள்.

துட்டி வீட்டில் வாங்க என்று கேட்கமாட்டார்கள். பஞ்சம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், தலையை அசைத்தாள். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. மகன் காரியத்துக்கு வந்துவிட்டு, அம்மாவின் ஜாமீனுக்காக ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போயிருந்தான். சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் கண்ணாடி இல்லை. இருவரும் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சபரிநாதன் அவள் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் வெள்ளி இருந்தது.

அவள் பிள்ளையை மெல்லக் கீழே கிடத்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் ஸ்டவ் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளரோடு வந்தாள்.

"டீத்தூள் போடல தம்பி. வெறும் பாலுதான். ஒங்களுக்கு ஆகாதுன்னு தெரியும்."

அவன் வாங்கினான். இந்த ஒரு டம்ளருக்காகத்தான் அன்றைக்கு வந்தோம் என்று நினைத்தான். பால் இறங்கவில்லை. ஒரு மிடறு குடித்தான், மறு மிடறு குடித்தான், பிறகு டம்ளரைப் பக்கத்தில் வைத்தான். கொண்டபல்லி பாதிக்கு மேல் குடித்துவிட்டிருந்தான்.

"புள்ள எங்கிட்டச் சொன்னா" என்றாள் பஞ்சம்மாள். அழாமல் பேசினாள். "அத்த, நான் தூக்கலாம்னுதான் பாத்தேன், கை நடுங்கிருச்சு, இழுத்துட்டேன்னா. தப்புப் பண்ணுன மாதிரி எங்கிட்ட மன்னிப்புக் கேக்கா. அம்புட்டும் வெந்து கெடக்கு, மன்னிப்புக் கேக்கா." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சர்ச்சுகளில் பெண்கள் அப்படிச் செய்வதை எங்கோ பார்த்திருப்பாள். "தம்பி, எனக்கு ஒரு செபம் பண்ணுங்க. மாரியாத்தா கோயில்லயும் போயி மண்ண வாரித் தூத்திட்டேன். ஒங்க சாமிகிட்டயும் கேட்டுருங்க. அன்னைக்கு வந்தானுகள்ல அந்த ரெண்டு பேரு, அவனுக வெளங்கக் கூடாது."

கொண்டபல்லி டம்ளரைத் தரையில் வைத்தான். வட்டார மொழி அவனுக்கு முழுதாகப் பிடிபடாது, ஆனால் ரெண்டு பேர் என்பது பிடிபட்டுவிட்டது.

சபரிநாதன் கண்ணை மூடினான். பரலோகப் பிதாவே என்று தொடங்கினான். இறந்துபோன அழகுமீனாவுக்காகக் கேட்டான். தாயில்லாத பிள்ளைக்காகக் கேட்டான், மாரீஸ்வரனுக்காகக் கேட்டான், இந்த வீட்டின்மேல் எழுதிய கேசுக்காகக் கேட்டான். கேட்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை. முடிக்கப்போன இடத்தில் பஞ்சம்மாளின் குரல் குறுக்கே வந்தது.

"அதச் சொல்லுங்க தம்பி. அந்த ரெண்டு பேர."

கண்ணைத் திறந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அவன் திறக்கவில்லை.

"அன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்த ரெண்டு பேரும்" என்றான். அவள் காத்திருந்தாள். "வெளங்கக் கூடாது" என்றான்.

அவனுக்கு அது வெறும் வாய்வார்த்தையாக இல்லை. அந்த நிமிஷத்தில் மெய்யாகவே அதைத்தான் வேண்டிக்கொண்டான். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என்று முடித்தபோது பக்கத்திலிருந்து கொண்டபல்லியின் குரல், பழகிய வாய், தானாகவே ஆமென் என்றது. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கவேண்டும், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பஞ்சம்மாளும் ஆமென் என்றாள். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். அத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் சற்று இளகியது.

எழுந்தார்கள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் கடைசியாக ஒரு வாக்கியம் கேட்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பதறிப்போயிருந்த கொண்டபல்லியின் வாயில் அதுதான் வந்தது. "அடுத்த முறை எப்போது வரலாம்?" என்றான். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள், இவன் அடுத்த முறைக்கு நாள் கேட்கிறான். பஞ்சம்மாள் கோபிக்கவில்லை. "வெளியூர்ப் புள்ள, தெரியாமக் கேக்குது" என்றாள். சபரிநாதன் அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான்.

சொல்லாமலே வெளியே வந்துவிட்டோம் என்றிருந்தது. கொண்டபல்லி முன்னால் வேகமாக நடந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தால் அழுகிறான் என்று தெரிந்தது. இனி இந்தத் தெருவுக்கு வரவேண்டியதில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பஞ்சம்மாள் அந்த ஆபிசர்களை வைதுகொண்டே மிச்ச நாட்களைக் கழித்துவிடுவாள். ஒருவகையில் அவளுக்கும் அது நல்லதோ என்றுகூடச் சபரிநாதன் நினைத்தான். அப்படி நினைக்க வேண்டியிருந்தது.

அவன் நாலாவது வீட்டைத் தாண்டியபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில் சாக்கு உரசுகிற சத்தம். சரக் என்று ஒருமுறை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் சரக். ஒரு வீடு வெடித்துவிட்டால் மற்ற வீடுகளில் சரக்கு இல்லாமல் போய்விடுமா? தீபாவளி ஆர்டர் கிடக்கிறது. ஜன்னல் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது, அது அவன் சட்டையைப் பார்த்தது, உடனே மறைந்தது. உள்ளே யாரோ யாரையோ அதட்டினார்கள். சாக்கு இன்னும் வேகமாக உரசியது.

"வா" என்றான் கொண்டபல்லி திரும்பி. அவன் முகம் வெளிறியிருந்தது. "சபரி, ஓடு. வா."

சபரிநாதன் நின்றான். அவன் காலுக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருந்தது, ஓடச்சொல்லி அது துடித்தது. கழுத்தில் கை போனது. டை கழன்று வரவில்லை, இன்னும் இறுகியது. நெஞ்சிலிருந்த பட்டையைப் பிடித்து இழுத்தான், சட்டைத் துணியோடு கிழிந்து தகப்பன் பெயர் கையில் வந்தது. அதை மண்ணில் எறிந்தான்.

"இழுக்காதீகக்கா!" என்று கத்தினான். அம்மாவின் பேச்சு அப்படியே வாயில் வந்தது. "இழுக்காதீக! நாங்க ஆபிசர் இல்ல! சபையில இருந்து வாறவுக! அன்னைக்கும் ஆபிசரு யாரும் வரல, நாங்கதான் வந்தோம்! எட்டிப் பாத்துச் சிரிச்சது நாந்தான்! பயப்படாதீகக்கா, மெல்லத் தூக்கி வைங்க!"

உள்ளே உரசல் நின்றது. தெருவே நின்றுவிட்டது. ஒரு கதவு இடுக்காகத் திறந்தது, பிறகு இன்னொன்று. கொண்டபல்லி அடிகுழாய்ப் பக்கத்தில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். வெடிக்கவில்லை. எதுவும் வெடிக்கவில்லை.

சபரிநாதன் திரும்பிப் பார்த்தான். பஞ்சம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கழுவுவதற்கு எடுத்து வந்த இரண்டு டம்ளரும் கையில் இருந்தன. ஒன்று சாய்ந்து, அவன் குடிக்காமல் வைத்த பால் அவள் பாதத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கண் அவன் சட்டையில் நின்றது.